தோட்டத்துக் கோடியில் ஒரு தனியறை

இங்கிலாந்தில் வீட்டின் பின்பக்கம் துண்டு நிலம் இருந்தால் போதும், அதன் கோடியில் ஒரு மரக் கொட்டகை முளைத்துவிடும். புல்வெட்டி, மண்வெட்டி, காற்றுப்போன சைக்கிள், பாதி தீர்ந்த பெயின்ட் டப்பா என்று வீட்டுக்குள் இடம் கிடைக்காதவை எல்லாம் அங்கே போய்ச் சேரும். இதே கொட்டகையை எழுதவும் படம் வரையவும் பாட்டுப் பதிவு செய்யவும் ஏற்ற வேலை அறையாகத் தம் கையாலேயே கட்டிக்கொள்ளும் பழக்கமும் அங்கே நெடுங்காலமாக உண்டு. 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்து அலுவலகம் வீட்டுக்குள் புகுந்த பிறகு அது இன்னும் பரவியது. வெளியிலிருந்து பார்த்தால் கொட்டகைக்கும் வேலை அறைக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் மண்வெட்டி மூச்சு விடுவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் மணிக்கு ஏறக்குறைய 40 முதல் 50 கிராம் நீரை ஆவியாக வெளிவிடுகிறார். பழைய 100 வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூட்டையும் தருகிறார். வெளியே குளிர், உள்ளே சூடும் ஈரமும் என்ற இந்த நிலைதான் வேலை அறையின் தரை, சுவர், கூரை எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. பலகை அறுப்பதும் ஆணி அடிப்பதும் பழகப் பழக வந்துவிடும். முதல் முறை கட்டுபவர்கள் தோற்பது பெரும்பாலும் நீரிடம்தான்.

எழுத்தாளர்களின் குடில்கள் இவற்றில் பேர்போனவை. பெர்னாட் ஷா ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் அயட் செயின்ட் லாரன்ஸ் ஊரில் இருந்த தம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு சிறு குடிலை வைத்திருந்தார். அது சுழலும் அடித்தளத்தின் மேல் நின்றது. வெயில் நகர நகரக் குடிலையும் திருப்பிக்கொள்ளலாம். அதற்கு அவர் இட்ட பெயர் லண்டன். வேண்டாத விருந்தினர் வந்தால், ஐயா லண்டனில் இருக்கிறார் என்று வீட்டார் பொய் சொல்லாமலே சொல்லி அனுப்ப முடிந்தது. வேல்ஸில் லாகர்ன் ஊரில் டிலன் தாமஸ் எழுதிய கொட்டகை முன்பு ஒரு கார் நிறுத்துமிடம். அதை முன்மாதிரியாகக் கொண்டு ரோல்ட் டால் பக்கிங்காம்ஷயரில் தம் பழத்தோட்டத்தில் ஒரு குடிலைக் கட்டுவித்தார். குழந்தைகளுக்கான அவருடைய கதைகள் பல அங்கேதான் எழுதப்பட்டன. சசெக்ஸில் ராட்மெல் கிராமத்தில் வர்ஜீனியா உல்ஃபின் தோட்ட அறை இன்றும் பார்வைக்கு இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே பேனா பிடிக்க முடியாத அளவு குளிரும் ஈரமும் சேர்ந்து அவரை வீட்டுக்குள் விரட்டியதுண்டு. அழகான அறைதான், சுவரில் வெப்பக் காப்பு இல்லாத காலத்து அறை.

இவற்றில் பல, வேலைக்காரர் கட்டித்தந்தவை. தம் கையால் கட்டியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் அமெரிக்காவின் ஹென்றி டேவிட் தோரோ. 1845-இல் மசாசூசெட்ஸில் வால்டன் குளக்கரையில் நண்பர் எமர்சனின் நிலத்தில் 10 அடிக்கு 15 அடியில் ஒரு குடிலைக் கட்டினார். கோடரி இரவல். ரயில்பாதை வேலைக்கு வந்த ஒரு தொழிலாளியின் குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கிப் பிரித்து அதன் பலகைகளைப் பயன்படுத்தினார். இரண்டு ஜன்னல்களும் பழசு, 1,000 செங்கல்லும் பழசு. மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று அரை சென்ட் வரை கணக்கு எழுதி வைத்தார். அந்தக் கணக்கில் ஆணிக்கு மட்டும் 3 டாலர் 90 சென்ட், அதாவது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. அதே வரிசையில் வருபவர் மைக்கேல் பொல்லான். கனெக்டிகட்டில் தம் வீட்டுக்குப் பின்னால், ஒரு கட்டடக் கலைஞரின் வரைபடத்தையும் ஒரு தச்சரின் துணையையும் வைத்துக்கொண்டு எழுதும் குடில் ஒன்றைக் கட்டினார். அந்த அனுபவத்தைச் சொல்லும் அவருடைய நூல் 1997-இல் வந்தது. சுத்தியல் பிடித்துப் பழகாத ஒருவர் எங்கெங்கே திணறுவார் என்பதற்கு அதைவிட நேர்மையான பதிவு குறைவு.

வேலையின் முதல் படி மண்ணில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் தனி வீட்டுக்காரர் தம் தோட்டத்தில் ஒரு மாடியில்லாக் கட்டடம் எழுப்ப, சில வரம்புகளுக்குள் இருந்தால், திட்ட அனுமதி வாங்க வேண்டியதில்லை. வீட்டின் முகப்பைத் தாண்டி முன்னால் வரக் கூடாது. வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதிக்கு மேல் கட்டடங்கள் அடைக்கக் கூடாது. இறவாணம் 2.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இருபுறம் சரியும் கூரையானால் உச்சி 4 மீட்டர் வரை, மற்றக் கூரைகளானால் 3 மீட்டர் வரை. ஆனால் பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் கட்டினால் கட்டடத்தின் முழு உயரமே 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. மரபுச் சின்னமாகப் பட்டியலிட்ட வீடுகளுக்கு அனுமதி கட்டாயம். கட்டுமான விதிகள் என்பது இன்னொரு தனிக் கணக்கு: உள்பரப்பு 15 சதுர மீட்டருக்குக் கீழே, படுக்கை வசதி இல்லாதது என்றால் பொதுவாக விலக்கு உண்டு. 15 முதல் 30 வரை என்றால், எல்லையிலிருந்து 1 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும், அல்லது பெரும்பாலும் எரியாத பொருளால் கட்டியிருக்க வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் மாதிரிக் குடியிருப்பு விதித்தொகுப்பு 200 சதுர அடி வரையிலான தனிக் கொட்டகைக்குக் கட்டட அனுமதி கேட்பதில்லை. ஊருக்கு ஊர் இது மாறும், பல இடங்களில் 120 சதுர அடிதான். மின்சாரம் இழுத்தால் அதற்குத் தனி அனுமதி தேவை.

இந்த 2.5 மீட்டர் என்ற எண் பார்க்கத் தாராளமாகத் தெரியும். கூட்டிப் பார்த்தால்தான் நெருக்கடி புரியும். மரம் மண்ணைத் தொடாமலிருக்கத் தரைக்கு அடியில் 10 சென்டிமீட்டர் இடைவெளி. தரை உத்திரமும் மேல்பலகையும் சேர்ந்து 17. கூரை உத்திரமும் அதன் பலகையும் இன்னொரு 17. அதற்கு மேல் வெப்பக் காப்பு 10. உள்கூரை ஜிப்சம் பலகை 1 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். 3 மீட்டர் அகலத்துக்குத் தண்ணீர் ஓட, 40-க்கு 1 என்ற வாட்டம் வைத்தால் 7.5. எல்லாம் போக உள்ளே தாழ்ந்த பக்கத்தில் மிஞ்சுவது 1.87 மீட்டர், ஓரளவு உயரமான ஆள் தலை குனிய வேண்டும். இதைக் காகிதத்தில் கண்டவர் எல்லையை விட்டு 2 மீட்டர் தள்ளிக் கட்டலாம், அல்லது மரத்தரைக்குப் பதில் கான்கிரீட் தளம் போடலாம், அல்லது வெப்பக் காப்பை உத்திரங்களுக்கு நடுவிலேயே திணிக்கலாம். சுவரை நிறுத்திய பிறகு கண்டவருக்கு இந்த வழிகள் எதுவும் இல்லை.

இடம் தேர்வதில் வெயிலும் மரமும் முக்கியம். பிரிட்டனின் அட்சரேகையில் குளிர்காலச் சூரியன் தெற்கே மிகத் தாழ்வாகவே போகும். எழுதுபவருக்குத் தெற்கு ஜன்னல் கதகதப்பைத் தரும். படம் வரைபவர்களோ வடக்கு வெளிச்சத்தைத்தான் கேட்பார்கள், நாள் முழுவதும் நிழல் இடம் மாறாது என்பதால். பெரிய மரத்தடி கோடையில் இதம். ஆனால் இலை விழுந்து கூரை வாய்க்கால் அடைபடும், வேர் அடித்தளத்தைக் கிளப்பும். பழைய கொட்டகையை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டுபவர்கள் அதன் கூரையை முதலில் சந்தேகிக்க வேண்டும். பிரிட்டனில் கல்நார் 1999-இல்தான் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் போட்ட நெளிவுத் தகடுகளில் அது இருக்கக்கூடும், உடைத்தால் தூசு நுரையீரலுக்குப் போகும்.

அடித்தளத்துக்கு மூன்று வழிகள் வழக்கில் உள்ளன. மண்ணைத் தோண்டி, உடைகல்லைக் கொட்டி இடித்து இறுக்கி, ஈரம் ஏறாத பிளாஸ்டிக் விரிப்பு விரித்து, 10 சென்டிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் போடுவது முதல் வழி. கனமான அறைக்கு ஏற்றது. முதுகு ஒடியும் வேலையும் அதுதான். இரண்டாவது, மூலைகளிலும் நடுவிலுமாகக் குழி தோண்டித் தனித்தனிக் கான்கிரீட் கட்டைகள் போட்டு அவற்றின் மேல் உத்திரங்களை வைப்பது. மூன்றாவது, துத்தநாகம் பூசிய பெரிய இரும்புத் திருகுகளை மண்ணில் முறுக்கி இறக்குவது. சிமென்ட் காய்வதற்காகக் காத்திருக்க வேண்டாம், வேண்டாதபோது கழற்றியும் எடுக்கலாம் என்பதால் இப்போது பலர் இதை நாடுகிறார்கள். லண்டன் வட்டாரத்தைப் போலக் களிமண் நிலமானால் கோடையில் சுருங்கும், மழையில் வீங்கும். மேலோட்டமாக வைத்த கட்டை அதனோடு ஏறி இறங்கும். அமெரிக்காவின் வடமாநிலங்களில் குளிரில் மண்ணுக்குள் உள்ள நீரே உறைந்து கட்டடத்தைத் தூக்கிவிடும் என்பதால், உறைபனி எட்டாத ஆழம்வரை தோண்டியாக வேண்டும்.

மண்ணில் நூல் கட்டும் அந்த முதல் காலைக்கு அவசரம் ஆகாது. நான்கு பக்கமும் அளவு சரியாக இருந்தும் வடிவம் கோணலாகச் சாய்ந்திருக்கலாம்; இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து அவை சமமாக வந்தால்தான் மூலைகள் செங்கோணம். 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறையானால் கணக்கு தானாகவே அமைந்துவிடுகிறது, மூலைவிட்டம் சரியாக 5 மீட்டர். நம்மூர்க் கொத்தனார்கள் 3-4-5 என்று மூலை மட்டம் பிடிக்கும் அதே வழிதான். இங்கே 2 சென்டிமீட்டர் பிசகினால் தரைப்பலகை அதைக் காட்டும், சுவர்ப்பலகை காட்டும், கடைசியில் கூரை விரிப்பும் காட்டும். கடையில் வரும் பலகைகள் எல்லாம் செங்கோணமாகவே வருவதால், கோணலான தளத்தின் மேல் ஒவ்வொரு பலகையையும் சீவிச் சீவித்தான் பொருத்த நேரும்.

சுவருக்குச் செங்கல் தேவையில்லை. 5 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் அளவை ஒட்டிய மரச் சட்டங்களை 40 அல்லது 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நிறுத்தி, மேலும் கீழும் படுக்கைச் சட்டம் கொடுத்து ஆணியடித்தால் சுவரின் எலும்புக்கூடு தயார். அந்த இடைவெளி ஏன் என்றால், பலகைகள் 1.2 மீட்டர் அகலத்தில் வருகின்றன. 40-ம் 60-ம் அதில் மிச்சமின்றி அடங்கும், ஒவ்வொரு பலகையின் ஓரமும் ஒரு சட்டத்தின் மேல் வந்து விழும். கனமான தூண்களைத் துளையிட்டு முளை செருகி இணைத்தது பழைய தச்சு. தோரோ அப்படித்தான் செய்தார். மெல்லிய சட்டங்களை வெறும் ஆணியால் இணைக்கும் முறை 1830-களில் சிகாகோ வட்டாரத்தில் பரவியது. இயந்திரத்தில் செய்த ஆணியும் ஆலையில் அறுத்த சட்டமும் மலிவாகக் கிடைத்ததுதான் காரணம். தேர்ந்த தச்சரின் கைத்திறன் தேவைப்படாத இந்த முறை வந்திராவிட்டால் தோட்டத்துக் குடிலைத் தாமே கட்டும் ஆசை பலருக்கு ஆசையாகவே நின்றிருக்கும்.

சுவரைத் தரையில் படுக்கவைத்தே செய்து முடித்து, இரண்டு மூன்று பேர் சேர்ந்து தூக்கி நிறுத்துவார்கள். நிறுத்தியவுடன் அது தள்ளாடும். சட்டங்கள் எத்தனை இருந்தாலும் பக்கவாட்டில் சாய்வதை ஆணி தடுக்காது; மேலே ஓ.எஸ்.பி. எனப்படும் மரச் சிராய்ப் பலகையையோ பிளைவுட்டையோ அடித்த பிறகுதான் சுவர் அசையாமல் நிற்கும். அதுவரை குறுக்கே சாய்வாக ஒரு கட்டை அடித்து வைக்க வேண்டும்.

கதவையும் ஜன்னலையும் முதலில் வாங்கிவிட்டு, பிறகு அதற்கேற்பச் சட்டத்தில் இடம் விடுவது கெட்டிக்காரத்தனம். அளவு தவறாகச் செய்து தள்ளிவிடப்பட்ட புது ஜன்னல்களும், வீடு புதுப்பிப்பவர்கள் கழற்றிய பழைய ஜன்னல்களும் மலிவாகக் கிடைக்கும். தோரோவின் இரண்டு பழைய ஜன்னல்களும் அந்த வகைதான். ஜன்னல் அளவைவிடச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இடம் விட்டு, ஆப்பு வைத்து மட்டம் பார்த்து, இடைவெளியை நுரையால் அடைப்பார்கள். திறப்புக்கு மேலே கூரையின் பாரத்தைத் தாங்க இரட்டைச் சட்டத்தில் ஓர் உத்திரமும், அதைத் தாங்க இருபுறமும் குட்டைக் கால்களும் வேண்டும்.

இனி நீரின் கதை. மழைநீர் வெளியிலிருந்து வருகிறது, ஆவி உள்ளிருந்து வருகிறது. இரண்டும் ஒரே சுவருக்குள் சந்திக்கக் கூடாது. 20 டிகிரி சூட்டில் ஈரப்பதம் 60 சதவீதம் உள்ள காற்று 12 டிகிரிக்குக் குளிர்ந்தாலே துளிர்க்கத் தொடங்கிவிடும். இங்கிலாந்தின் குளிர்காலத்தில் சுவரின் வெளிப்பலகை அதைவிட எவ்வளவோ குளிர்ந்திருக்கும். அறைக்காற்று ஜிப்சம் பலகையின் இடுக்கு வழியாகக் கசிந்து, வெப்பக் காப்புப் பஞ்சைத் தாண்டி, அந்தப் பலகையின் உள்முகத்தைத் தொட்டதும் நீர்த்துளியாகிறது. கண்ணுக்குத் தெரியாத இடம். முதல் ஆண்டு ஒன்றும் தெரியாது. பிறகு ஓத வாடை வரும், பூஞ்சணம் பூக்கும், ஒரு நாள் சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் உள்ளே இறங்கும்.

தடுக்கும் வழியை வெளியிலிருந்து உள்ளே வரிசையாகச் சொல்லலாம். முதலில் மழையைத் தாங்கும் மரப்பலகைப் பட்டைகள். அவற்றுக்குப் பின்னால் இரண்டரை சென்டிமீட்டர் கனமான ரீப்பர்களால் விட்ட காற்றிடைவெளி. பட்டையைத் தாண்டி உள்ளே வந்த நீர் அதில் வழிந்து கீழே போய்விடும், மிச்சத்தைக் காற்று உலர்த்தும். அடுத்து, நீரைத் தடுத்து ஆவியை விடும் விரிப்பு. டைவெக் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்தது. பிறகு பலகை, சட்டம், சட்டங்களுக்கு நடுவில் வெப்பக் காப்பு. அறைப் பக்கம், ஜிப்சம் பலகைக்கு அடியில், ஆவியைத் தடுக்கும் பாலிதீன் விரிப்பு, மூட்டுகளில் நாடா ஒட்டி. வெளியே மூச்சு விடும் விரிப்பு, உள்ளே மூச்சு விடாத விரிப்பு என்ற இந்த வரிசைதான் குளிர்நாட்டு விதி. இடம் மாற்றிப் போட்டால், வந்த ஆவி வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே சிறைப்படும். ஒன்றும் போடாமல் விட்டிருந்தாலே மேல் என்று ஆகிவிடும். சென்னை போன்ற புழுக்கமான ஊரில் குளிர்சாதனம் ஓடும் அறைக்கு ஆவி எதிர்த்திசையில், வெளியிலிருந்து உள்ளே வரும் என்பதால் இந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

கூரையிலும் இதே தர்க்கம். வெப்பக் காப்பை உத்திரங்களுக்கு நடுவில் வைத்தால் அதற்கு மேலே 5 சென்டிமீட்டர் காற்று ஓடும் இடைவெளி விட வேண்டும். காப்பு முழுவதையும் பலகைக்கு மேலே வைத்துவிட்டால் உத்திரங்கள் அறையின் சூட்டிலேயே இருக்கும், இடைவெளி தேவையில்லை. முதல் முறை கட்டுபவருக்கு இது பாதுகாப்பான வழி, உயரம் மட்டும்தான் விலை. மேல் விரிப்புக்கு ஈ.பி.டி.எம். ரப்பரைப் பலரும் விரும்புகிறார்கள். சிறு கூரைக்கு ஒரே துண்டாக, ஒட்டே இல்லாமல் கிடைக்கும். ஒட்டு இல்லாத இடத்தில் ஒழுகலும் இல்லை. கூரையைச் சுவருக்கு வெளியே ஒரு முழம் நீட்டி விடுபவர்கள் சுவருக்குப் பாதி ஆயுளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்றே சொல்லலாம். விளம்பரப் படங்களில் வரும், இறவாணமே இல்லாத பெட்டி போன்ற குடில்கள் பார்க்க அழகு. மழையில் நனைவதும் அவைதான்.

வெளிப்பட்டைக்குச் சீடார், லார்ச், அல்லது மருந்தேற்றிய பைன். சீடாரில் சாதாரண இரும்பு ஆணி அடித்தால் மரத்தில் உள்ள டானின் இரும்போடு வினைபுரிந்து ஒவ்வோர் ஆணியின் கீழும் கறுப்புக் கண்ணீர்த் தடம் இறங்கும். துருப்பிடிக்காத எஃகு ஆணிதான் வேண்டும். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது, அகலவாக்கில் ஈரத்துக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். எனவே பட்டைகளை இடைவெளியின்றி நெருக்கி அடிக்கக் கூடாது. கடைசிப் பட்டை மண்ணிலிருந்து 15 சென்டிமீட்டராவது மேலே நிற்க வேண்டும், மழைத்துளி தெறித்து ஏறும் உயரம் அது.

மின்சாரத்தில் தம் கை வேலை பள்ளம் வெட்டுவதோடு நிற்க வேண்டும். வீட்டிலிருந்து குடிலுக்கு எஃகுக் கம்பி சுற்றிய கவச வயர் மண்ணுக்கடியில் போகும். அதற்கு மேலே எச்சரிக்கை நாடா விரித்து மண் மூடுவார்கள், பின்னால் யாராவது மண்வெட்டியோடு வந்தால் முதலில் நாடா தட்டுப்படும். இங்கிலாந்தில் புதிய மின்சுற்று என்பது விதிப்படி அறிவித்துச் செய்ய வேண்டிய வேலை. பதிவு பெற்ற மின்பணியாளர் இணைத்துச் சோதித்துச் சான்று தருவார். சூடேற்ற மின் ரேடியேட்டர் போதும். சிலிண்டர் வாயு அடுப்பு மலிவாகத் தெரியும். ஆனால் 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீர் ஆவியாக அறைக்குள்ளேயே இறங்கும். ஓதத்துக்கு எதிராக இத்தனை விரிப்பு விரித்தவர், அதை வாளியில் கொண்டுவந்து ஊற்றுவதற்கு ஒப்பானது இது. கார்பன் மோனாக்சைடு அபாயம் வேறு.

பாட்டுக்காகக் கட்டும் அறையில் வேலை இரட்டிப்பாகிறது. முட்டை அட்டைகளையும் கூம்பு கூம்பான நுரைத் துண்டுகளையும் சுவரில் ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்ற நம்பிக்கை எங்கும் உண்டு. அறைக்குள் எதிரொலிக்கும் கூர்மையான ஓசையை நுரை ஓரளவு உறிஞ்சும். வெளியே போகும் சத்தத்தை அது தடுப்பதே இல்லை. தடுப்பது எடை. சுவரின் எடையை இரட்டித்தால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும்; காதுக்குச் சத்தம் பாதியாகத் தோன்ற 10 டெசிபல் குறைய வேண்டும். எடையை மட்டும் நம்பினால் சுவர் கோட்டைச் சுவராகிவிடும் என்பதால் இரட்டைச் சுவர் போடுகிறார்கள். வெளிச்சுவரைத் தொடாமல், உள்ளே தனிச் சட்டத்தில் இன்னோர் அறை. நடுவில் காற்றும் ராக்வூல் பஞ்சும். இரண்டையும் இணைக்கும் ஒரே ஓர் ஆணி கூட அதிர்வைக் கடத்தும். கெட்டியான நுரைப் பலகை சூட்டைத் தடுப்பதில் பஞ்சை மிஞ்சும். ஒலியில் அதனால் பயனில்லை. இசைக் குடிலுக்குப் பஞ்சுதான், சுவர் சற்றுத் தடித்தாலும்.

இரண்டு சுவர் நல்லதென்றால் மூன்று இன்னும் நல்லது என்று தோன்றும். நடுவில் ஒரு பலகை வைத்து இடைவெளியை இரண்டாகப் பிரித்தால் தாழ்ந்த சுருதிகளில், அதாவது பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் ஒலிக்கும் இடத்தில், தடுப்பு குறைந்துவிடுகிறது. அந்தப் பலகையை வெளிச்சுவரோடு சேர்த்து ஒட்டிவிட்டால் அதே எடை, அதே செலவு, அதிகப் பயன். பலகையின் பாரத்தையும் முன்பே எண்ண வேண்டும். ஒரு ஜிப்சம் பலகை ஏறக்குறைய 25 கிலோ. 3-க்கு 4 மீட்டர் அறையின் சுவருக்கும் உள்கூரைக்கும் இரண்டு அடுக்கு அடித்தால் அரை டன்னைத் தாண்டும். தோட்டக் கருவிகளுக்காகப் போட்ட அடித்தளம் அதற்குப் போதாது.

பலவீனமான இடம் எப்போதும் கதவு. 2 மீட்டர் உயரம், 80 சென்டிமீட்டர் அகலம் உள்ள கதவைச் சுற்றி 3 மில்லிமீட்டர் இடுக்கு இருக்கிறது என்று கொள்வோம். கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. கூட்டினால் அந்த இடுக்கின் பரப்பு கதவின் பரப்பில் 1 சதவீதம். 1 சதவீதம் திறந்திருக்கும் கதவு, அது தேக்கானாலும் இரும்பானாலும், 20 டெசிபலுக்கு மேல் தடுக்கவே முடியாது. டிரம்ஸ் 100 டெசிபலைத் தாண்டும். பக்கத்து வீட்டுக்காரர் இரவில் எதிர்பார்ப்பது அமைதி. ஆகவே கனமான கதவுக்குச் செலவழிப்பதற்கு முன் நான்கு பக்கமும் ரப்பர் பட்டி ஒட்டிப் பார்ப்பது நல்லது. நிலைக்கும் சட்டத்துக்கும் நடுவில், தரைக்கும் சுவருக்கும் நடுவில், சுவிட்சுப் பெட்டிக்குப் பின்னால் என்று எல்லா இடுக்கையும் இறுகிப்போகாத அடைப்புப் பசையால் அடைக்க வேண்டும். அறையின் வடிவத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமாக இருந்தால் ஒரே சுருதிகள் மூன்று திசையிலும் மோதிப் பெருத்து ஒலிக்கும். 4 மீட்டர் நீளத்தில் 43 ஹெர்ட்ஸ் அருகே அப்படி ஒன்று விழும். மூலைகளில் தடித்த பஞ்சுத் தூண்கள் வைத்து அதை அடக்குவார்கள்.

இப்படி அடைத்த அறையில் காற்று எங்கிருந்து வரும்? அமர்ந்து வேலை செய்யும் ஒருவர் மணிக்கு 20 லிட்டரை ஒட்டிய கரியமில வாயுவை வெளிவிடுவார். 25 கன மீட்டர் அறையில் அது மணிக்குப் பத்து லட்சத்தில் 800 பங்கு என்ற வேகத்தில் ஏறும். வெளிக்காற்றில் இருப்பது 420-ஐ ஒட்டி. இரண்டு மணி நேரத்தில் 2,000-ஐத் தொடும், தூக்கம் கண்ணைச் சுழற்றும், தலை கனக்கும். நான்கு பேர் கொண்ட இசைக்குழு என்றால் அரை மணியே போதும். எழுதும் குடிலுக்கு ஜன்னலின் மேல் ஒரு காற்றுத்துளை போதுமானது. இசைக் குடிலுக்கு, உள்ளே பஞ்சு ஒட்டி வளைந்து வளைந்து போகும் மரப்பெட்டி வழியாகக் காற்றை உள்ளே விட வேண்டும். காற்று வளைவில் திரும்பி வந்துவிடும், ஓசை பஞ்சில் முட்டி அடங்கிவிடும். உள்ளே வர ஒன்று, வெளியேற ஒன்று, வெளியேறுவதில் சத்தமில்லாச் சிறு விசிறி.

வேலையின் வரிசையில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: கூரை முடிந்து, ஜன்னல் மாட்டி, வெளி விரிப்பும் ஒட்டி, மழைக்கு அடைபட்ட பிறகுதான் பஞ்சும் ஜிப்சம் பலகையும் உள்ளே போக வேண்டும். ஓய்வு நாள்களில் மட்டும் கட்டுபவருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். பாதியில் நிற்கும் சுவரைத் தார்ப்பாயால் மூடிவைக்காவிட்டால் ஓ.எஸ்.பி. ஓரங்கள் நீர் குடித்து உப்பிவிடும். நனைந்த சட்டங்களை உலரவிடாமல் பலகையடித்து மூடினால் அந்த ஈரமும் சுவருக்குள்ளேயே தங்கும்.

குடியேறிய முதல் குளிர்காலத்தில் ஓர் ஈரப்பதமானியை அறையில் வைத்துக் கவனிப்பது வழக்கம். 40 முதல் 60 சதவீதத்துக்குள் நின்றால் கிட்டாரின் மரமும் காகிதமும் கட்டடமும் நலமாக இருக்கும். 70-ஐத் தாண்டியே நின்றால் காற்றோட்டம் போதவில்லை. காலையில் ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்திருந்தால் அதுவும் அதே செய்தி. கூரை வாய்க்காலை இலையுதிர் காலம் முடிந்ததும் ஒருமுறை வழித்துவிட வேண்டும். மருந்தேற்றிய பைனுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூச்சு தேவை. சீடாரையும் லார்ச்சையும் அப்படியே விட்டால் வெள்ளி நரை கண்டு நிற்கும், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. விருந்தினரைப் படுக்கவைக்கும் எண்ணம் வந்தால் மட்டும் மறுபடி விதிகளைப் பார்க்க வேண்டும். ஒரு கட்டில் உள்ளே வந்ததும் சட்டத்தின் கணக்கில் அது படுக்கையறை ஆகிறது, 15 சதுர மீட்டர் விலக்கு போய்விடுகிறது.